மூத்தாள் பில்லை

அரை நெல்லிக்காய் அகலம்கூட இருக்காது அந்தப் பில்லை. மெல்லிய தங்கத் தகட்டில் ஒரு பெண் உருவம். இரண்டு கண், ஒரு மூக்கு, பக்கத்துக்கு ஒரு கை, கீழே புடவைக் கொசுவம் மாதிரி நாலு கோடு. எங்கள் பக்கத்தில் மூத்த மனைவி செத்துப்போய் இரண்டாவதாக ஒருத்தி வாழ்க்கைப்பட்டு வந்தால், செத்தவளை இப்படித் தகட்டில் அடித்து, வந்தவளின் தாலிக்கயிற்றில் கோத்துவிடுவார்கள். அதற்குப் பேர் மூத்தாள் பில்லை. புதுப்புடவை எடுத்தால் முதலில் அதன்மேல் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் உடுத்த வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் முதல் பிடியை அவள் பேரைச் சொல்லி ஒதுக்க வேண்டும். தாலி இருக்கும்வரை கழற்றக் கூடாது. அதைச் செய்த நகரி ஆசாரி, என் மாமியார் கையில் கொடுக்காமல் என் கையிலேயே கொடுத்தார். "புளி போட்டு மட்டும் தேக்காதம்மா. மெல்லிசுத் தகடு, மூஞ்சி போயிடும்" என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு நாளும் நான் புளி போட்டுத் தேய்த்ததில்லை.

நான் வந்தபோது பெரியவளுக்கு நாலு வயது. அவளைப் பெற்றவள், நான் முகம் பார்த்திராத அக்கா, காமாலையில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த அக்காவுக்கு ஒரு தங்கை உண்டு. சித்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். குழந்தையை உத்தேசித்து அவளையே கட்டிக் கொடுக்கும்படி பெரியவர்கள் போய்க் கேட்டார்கள். மாந்தோப்பில் வந்து மாடு மேய்க்க முடியாது என்று அவள் சொல்லிவிட்டாளாம். சொன்னதில் தப்பில்லை. அவள் படிப்பு அவளுக்கு. பிறகுதான் ஒன்றும் இல்லாத வீடாகத் தேடி என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்து வந்தாலும் நான் யார் வீட்டிலும் கை ஏந்தியவள் இல்லை.

வந்த மூன்றாம் நாள் பெரியவள் என் எதிரில் வந்து நின்றுகொண்டு, "எங்கம்மாவ ஏன் நீ கழுத்துல மாட்டிகினு கீற?" என்று கேட்டாள். அவளைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். "உன்னப் பாத்துக்கினு இருக்கத்தான்" என்றேன். அதற்குப் பிறகு மத்தியானமானால் என் மடியில் வந்து படுப்பாள். ஒரு கையால் பில்லையைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் அந்த முகத்தை நிரடிக்கொண்டே தூங்கிப்போவாள். விரல் நின்றுவிட்டால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். என் மகன் பிறந்து மடியில் இடம் குறைந்த பிறகும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவனை இடது பக்கம் போட்டுக்கொள்வேன். வலது பக்கம் அவளுக்கு. பத்து வயதுவரை அப்படித்தான். ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து எனக்குக் கால் மரத்துப்போகும்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன நாளில் நான் ஒரு காரியம் செய்தேன். தலைமை ஆசிரியர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு தாயார் பேர் என்ன என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என் பேரைச் சொன்னார். நான்தான் குறுக்கே போய், "வேணாம் சார். பெத்தவ பேர எழுதுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லாதவங்க பேரு எதுக்கும்மா? நாளைக்கு ஒரு கையெழுத்துன்னா நீதானே வந்து போடணும்?" என்று கேட்டார். "எனக்குக் கையெழுத்தே தெரியாது சார், நீங்க எழுதுங்க" என்றேன். கழுத்தில் அவளைச் சுமந்துகொண்டு அவள் பெண்ணின் தாயார் இடத்தில் என் பேரை எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வருகையில் வழியெல்லாம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுத்து எனக்கு வந்தது பெரியவளால். இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது சிலேட்டை எடுத்து வந்து என்னை எதிரில் உட்காரவைப்பாள். "ழ வந்து வாலு கீழ வரணும்மா, மாட்டுக்குப் போறாப்ல அவசரமா போடாத" என்று அதட்டுவாள். தப்பாகப் போட்டால் புறங்கையில் ஒரு தட்டு. அப்படி ஆறு மாதத்தில் என் பேரை எழுதினேன். பிறகு மெல்ல மெல்ல பஸ் பலகை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை. அவள் கற்றுக்கொடுத்த எழுத்தில்தான் இப்போது அவளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்குப் படிப்பு நன்றாக வந்தது. என் மகனுக்கும் வந்திருக்கும். ஆனால் இரண்டு பேரையும் வெளியூரில் வைத்துப் படிக்கவைக்கத் தோப்பு தாங்காது என்று வீட்டுக்காரர் சொன்னபோது, "பெரியவ போவட்டும்" என்று சொன்னவள் நான். அவன் பத்தாவதோடு நின்று நகரியில் பவர்லூமுக்குப் போனான். இன்றும் அதே வேலைதான், குடித்தனமும் அங்கேதான். அவள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை வண்டியில் நகரியில் ஏறிப் போவேன். கேரியரில் கோழிக்குழம்பு, கேழ்வரகுக் களி. வெயில் காலத்தில் பாயில் ஊற்றிக் காயவைத்த மாம்பழத் தாண்டிரா. அவள் தோழிகள் என்னைச் சுற்றிக்கொண்டு, "அம்மா வந்துட்டாங்க, துன்ன வாங்கடி" என்று கூச்சல் போடுவார்கள். ஏழெட்டு அம்மாக்கள் வரும் இடத்தில் என்னை மட்டும் வெறும் 'அம்மா' என்று கூப்பிடுவார்கள். அந்த மூன்று வருஷமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தவறவிட்டதில்லை. சித்தூரில் இருந்த அவளுடைய சின்னம்மா, திருப்பதி மலைக்கு வரும்போது வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். இங்கிலீஷ் பேசுவாள். கைப்பை வைத்திருப்பாள். பெரியவளுக்கு அவளைப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடும். பெற்றவளின் ஜாடை அவளிடம் இருக்கும் அல்லவா, அதனால்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளை அமெரிக்காக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிப் போன ஒரு பையன்தான் மாப்பிள்ளையாக வந்தான். திருப்பதியில் மண்டபம் பிடித்துக் கல்யாணம். தாரை வார்க்க யார் உட்காருவது என்று ஒரு பேச்சு வந்தது. சின்னம்மா உட்காரட்டும், பெற்றவளின் ரத்தம் என்று யாரோ சொன்னார்கள். அப்போது உயிரோடு இருந்த என் மாமியார், "பில்லை இவ கழுத்துல கீது. இவ உக்காந்தா பெத்தவளே உக்காந்த மாதிரிதான்" என்று ஒரே அடியாகச் சொல்லிவிட்டாள். நான் உட்கார்ந்தேன். செம்பில் நீரை நான்தான் ஊற்றினேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் பெரியவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா, அந்தப் பில்லைய எனக்குக் குடும்மா. அவ்ளோ தூரம் போறேன். எங்கம்மா ஞாபகமா எங்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்றாள். மாமியாரைக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டாள். நான் யாரையும் கேட்கவில்லை. பதினெட்டு வருஷம் கழுத்தில் கிடந்ததை நூல் பிரித்து எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அது பொய் அழுகை என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து போன் வந்தது. "மூணு மாசம்மா. பிரசவத்துக்கு நீதான் வரணும், எனக்கு வேற யாரு கீறாங்க?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. திருப்பதிக்குப் போய்ப் போட்டோ எடுத்து, பாஸ்போர்ட்டுக்கு ஏஜெண்டிடம் பாரம் எழுதக் கொடுத்தேன். கட்டைவிரலா கையெழுத்தா என்று அவன் கேட்டபோது பேனாவைப் பிடுங்கி என் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டேன். போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது, "எம்மா, எந்தக் கேசுல மாட்டுன?" என்று தெருவே சிரித்தது. "அமெரிக்கா போறேன், எம்பொண்ணுக்குப் பிரசவம்" என்று தெரு முனைவரை கேட்கும்படி சொன்னேன். பாஸ்போர்ட் வந்தது. மாமனாரின் பழைய வேட்டிகளை வேகவைத்துக் காயவைத்துக் குழந்தைத் துணி கிழித்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி இடித்து, பூண்டும் வெல்லமும் சேர்த்து நெய்யில் கிளறிப் பிள்ளைபெற்ற மருந்து உருட்டினேன். வசம்பு சுட்டு வைத்தேன். இரண்டு ஸ்வெட்டர் வாங்கினேன்.

ஏழாம் மாதத்தில் அவள் மறுபடி பேசினாள். குரல் இறங்கியிருந்தது. "பேப்பர்ல சிக்கல் வந்துடுச்சும்மா. என் சர்டிபிகேட்ல எல்லாம் தாயார் பேரு எங்கம்மாதுதான் கீது. நீ எனக்கு அம்மான்னு காட்ட ஒரு ப்ரூப் இல்ல. விசா குடுக்க மாட்டாங்களாம்" என்றாள். எனக்குத் தலைமை ஆசிரியரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்று அவர் அவ்வளவு தூரம் சொன்னாரே, என் வாயால் நானே கெடுத்துக்கொண்டேனே என்று நொந்துபோனேன். நான் அழாமல் அவளுக்குத் தேறுதல் சொன்னேன். "யாரு பாத்துக்குவா உன்ன?" என்று கேட்டேன். "இங்க எல்லாம் ஆஸ்பத்திரியிலயே பாத்துக்குவாங்கம்மா" என்றாள். அவளுக்குத் தெரிந்த புத்தூர்க்காரர் ஒருத்தர் போகிறார் என்று சொன்னதால் மருந்து உருண்டையை மட்டும் டப்பாவில் அடைத்து அனுப்பினேன். பிறகு ஒரு வருஷம், என்னால்தான் அந்தப் பெண் ஒண்டியாகப் பிள்ளை பெற்றாள் என்று எனக்கு நானே தண்டனை போட்டுக்கொண்டு இனிப்பு தின்னாமல் இருந்தேன்.

காணிப்பாக்கத்தில் உறவில் ஒரு கல்யாணம். கோயிலை ஒட்டிய சத்திரத்தில் பந்தியில் எனக்குப் பக்கத்தில் சின்னம்மா வந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் வெளுத்திருந்தாள். எதிர் இலையில் இருந்தவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அப்பப்பா, அந்தக் குளிரு! ஆறு மாசம் வீட்ட வுட்டு வெளிய வரலை. கொழந்தய குளிப்பாட்டக்கூட ஹீட்டர் வெச்சுகினுதான்" என்றாள். யார் குழந்தை என்று எதிரில் இருந்தவள் கேட்டாள். "எங்க அக்கா பொண்ணோடதுதான்" என்றாள்.

என் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. நான் திரும்பி மெதுவாகத்தான் கேட்டேன். "உங்கிட்ட இன்னா பேப்பர் கேட்டாங்க?"

"என்ன பேப்பரு? சின்னம்மான்னு அவ ஒரு லெட்டர் அனுப்புனா. ரெண்டு கேள்வி கேட்டான், ஸ்டாம்பு குத்திட்டான்" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "உனக்குத் தெரியாதா? உங்க வூட்டுக்காரருதான மெட்ராஸ் வந்து என்ன ஏரோப்ளேன் ஏத்திவுட்டாரு?" அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அவளே சொன்னாள். "தப்பா எடுத்துக்காத. அவ மாமியாரும் அங்க வந்திருந்தாங்க, பெரிய எடம். இங்கிலீஷ் தெரியாத நீ வந்து என்ன செய்வன்னு அவளுக்கு ஒரு கூச்சம். ஆனா உன் மருந்து நல்லா கேட்டுச்சு. தெனம் காலையில நான்தான் ஊட்டுனேன்."

நான் இலையை மூடாமல் முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் எழுந்து அவளுக்கு ஒரு பேச்சைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். தோப்புக்கு மருந்து வாங்க மெட்ராஸ் போவதாகச் சொல்லிப் போன அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான்தான் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தேன். அவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். "உம் மனசு நோவக் கூடாதுன்னுதான்" என்றார். "எம் மனசு நோவக் கூடாதுன்னு நீங்க ரெண்டு பேரும் சேந்து, தப்பு என்னுதுன்னு ஆக்கிட்டீங்க" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கூட்டிப்போக இஷ்டமில்லை என்று அவள் நேராகச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் அழுதுவிட்டு மறந்திருப்பேன். பெற்றவளுக்கு நான் செய்த மரியாதையை எடுத்து, அதையே காரணமாக்கி என்னை வாசலில் நிறுத்தியதுதான் எனக்கு ஆறவில்லை. போனில் அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை. அவளும் எனக்குத் தெரியும் என்று தெரிந்துகொண்டே பேசினாள்.

அதற்கு நாலு வருஷம் கழித்து வீட்டுக்காரர் காலமானார். காரியத்துக்குப் பெரியவள் தன் பெண்ணோடு வந்தாள். பதினாறாம் நாள் என் தாலியைக் கழற்றினார்கள். தாலியோடு மூத்தாளையும் கழற்றி அவள் பெற்ற பிள்ளையின் கையில் கொடுப்பதுதான் முறை. கழற்ற வந்த பங்காளி வீட்டுக் கிழவி, "பில்லை எங்கடி?" என்று கேட்டாள். நான் பெரியவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மத்தியானம் ஆட்கள் கலைந்த பிறகு பெரியவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்க ஒண்டியா இன்னாம்மா பண்ணப்போற? எங்கூட வந்துடு" என்றாள்.

"பேப்பரு?" என்றேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா."

"ஸ்கூல் நோட்டுல எழுதுன பேரு இன்னும் அப்படியேதான கீது" என்றேன். அவள் தன் முந்தானை நூலை இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அவள் பெண் ஓடி வந்து, கூச்சமே இல்லாமல் என் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அதன் கழுத்தில் மெல்லிய சங்கிலி. சங்கிலியில் பில்லை. அதை எடுத்து எனக்குக் காட்டி, "இது எங்க பாட்டி" என்றது. பிறகு கட்டைவிரலால் அதை நிரடிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பி, "பாட்டிக்கு ஏன் மூஞ்சி இல்ல?" என்று கேட்டது.

உண்மையிலேயே முகம் இல்லை. கண்ணும் மூக்கும் வழித்துவிட்டாற்போல் தகடு வழுவழுவென்று இருந்தது. கீழே கொசுவத்தின் நாலு கோடு மட்டும் மிச்சம். நான் கழற்றிக் கொடுத்த அன்றைக்கே அப்படித்தான் இருந்தது. பின்பக்கம் என் கழுத்து வியர்வையில் தேய்ந்தது. முன்பக்கம் எப்படித் தேய்ந்தது, யார் மடியில் படுத்து யார் விரல் தேய்த்தது என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். நான் சொல்லவில்லை. குழந்தை கேட்டது அவளைத்தான், அவளே சொல்லட்டும் என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அது ரொம்பப் பழசு கண்ணு" என்றாள் பெரியவள்.

குழந்தை சரி என்று அதை விட்டுவிட்டது. சங்கிலியின் கொக்கி விலகியிருந்தது. நான் அதைப் பல்லால் அழுத்திச் சரிசெய்து, குழந்தையை இறக்கிவிட்டேன். அதற்கு ஐந்தாம் நாள் அவர்கள் கிளம்பிப் போனார்கள். என் பாஸ்போர்ட் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது, ஒரு முத்திரைகூட விழாமல். குளிக்கும்போது கை இன்றைக்கும் கழுத்துக்குப் போய்த் தேடுகிறது. தாலி இல்லாதது பழகிவிட்டது. சோறு போட்டுக்கொண்டால் முதல் பிடியை இன்னமும் ஒதுக்குகிறேன். "அக்கா, துன்னு" என்கிறேன். நான் புளி போட்டுத் தேய்க்கவில்லை என்பது அவளுக்காவது தெரிந்திருக்கும்.