பசை போட்டு ஒட்டிய செம்பருத்தி

இன்று ஸ்ரீரங்கத்தில் என் மகளின் யூகேஜி கண்காட்சி. வேர், தண்டு, இலை, பூ என்று துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் செடி ‘பஸில்’ ஒன்றைக் குழந்தைகளே செய்து வர வேண்டுமாம்.

பக்கத்து மேஜையில் ப்ளைவுட்டில் அறுத்து, பெயின்ட் அடித்த செம்பருத்தி. கொண்டுவந்தவர் பொன்மலையிலிருந்து வந்த ஓர் அப்பா. அவர் மகன் வேரைக் கழற்றப் பார்த்தான். வரவில்லை.

"டேய், கை வைக்காத! பைக்ல வர்றப்ப விழுந்துடும்னு பசை போட்டு ஒட்டியிருக்கேன்."

மிஸ் தட்டிப் பார்த்துப் பூரித்தார். "சூப்பர் சார், ஒரு பீஸ்கூட அசையல!"

முதல் பரிசு அதற்குத்தான்.

என் மகளோ தானே வெட்டிய அட்டைச் செடியில் பூவை வேர் இருக்கும் இடத்தில் மாட்டி, சிரித்து, கழற்றிக்கொண்டிருந்தாள். மிஸ் என்னைத்தான் பார்த்தார். "நீங்க இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கலாம் மேடம்."

உங்கள் வீட்டில் இந்த வருஷம் யூகேஜி படிப்பது அப்பாவா, அம்மாவா?