மாமனாரிடம் ஓடிய மகள்

தையல் தொழிற்சாலையிலிருந்து நானும் பள்ளிக்கூடத்திலிருந்து என் மகள் யோகாஸ்தாவும் மாலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வீடு சேர்வோம். அந்த நேரம் பார்த்து என் மாமனார் பின்வாசல் வழியாகக் கோழிக்கூட்டுப் பக்கம் போய்விடுவார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. எங்கள் தொமினிக்கன் நாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குள் வந்ததும் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் கேட்க வேண்டும், மூத்தவரிடம் முதலில். அவர் கண்ணில் படாமல் இருந்தால் பிள்ளை முதலில் என்னிடம் வருவாள் அல்லவா, அதற்காகத்தான் அப்படிப் போவார். யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. நானாகப் புரிந்துகொண்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவர் விட்டுக்கொடுத்துத்தான் என் பிள்ளை எனக்குக் கிடைக்க வேண்டுமா?

அவர் பெயர் நிக்கானோர். மோக்கா ஊர்ப் பக்கத்துப் புகையிலைத் தோட்டத்தில் பிறந்து, அதிலேயே உழைத்தவர். மனைவி இறந்தபோது கையில் ஏழு பிள்ளைகள், கடைசிக்கு நாலு வயது. மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் வாழைக்காய் வேகவைத்து மசித்து ஏழு தட்டில் வைத்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போவாராம். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் எல்லாரும் வந்தால் சட்டியின் அடியில் பிடித்த மொறுமொறுச் சோற்றைத் தானே சுரண்டிப் பங்கு வைப்பார். தனக்கென்று ஒரு துண்டு வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அவர் குரல் உயர்ந்தும் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட மனிதர் மேல் பொறாமைப்பட்டேன். என் கணவர் லாரியோடு தலைநகருக்குப் போய்விடுவார், நான் தொழிற்சாலைக்கு. பள்ளியில் சேரும்வரை பகலெல்லாம் பிள்ளை தாத்தாவோடுதான். இதையும் ஒரு பாவமென்று கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். "நல்ல மனுஷன் மேல என்னம்மா கோபம்?" என்றார். அவர் நல்லவராக இருப்பதுதான் கோபம் என்று எப்படிச் சொல்வது?

யோகாஸ்தா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாள் வந்தது. வெள்ளை கவுனை மூன்று ஞாயிறு உட்கார்ந்து நானே தைத்தேன். பூசை முடிந்து கோயில் வாசலில் முன்னால் போய் நின்றேன். பிள்ளை வெளியே வந்தாள், என்னைத் தாண்டி ஓடினாள்.

"ஆசீர்வாதம், தாத்தா!"

"ஆண்டவர் உன்ன ஆசீர்வதிக்கட்டும், என் கண்ணு!"

பிறகுதான் என்னிடம் வந்தாள். "ஆசீர்வாதம், அம்மா!"

நான் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் பெற்ற பிள்ளை கேட்டு, பதில் சொல்லாமல் நிற்கும் தாயை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தத் தாய் நான்.

"ஆசீர்வாதம், அம்மா..."

பக்கத்து வீட்டு பெத்ரோனிலா சும்மா இருப்பாளா? "என்னடி தொமித்திலா, காதுல பஞ்சா வச்சிருக்க? புள்ள கேட்டுக்கிட்டே நிக்குது!"

"அவளுக்கு வேண்டியதுதான் கெடச்சிருச்சே. தாத்தா வளத்த புள்ளதானே!" என்றேன்.

பிள்ளை தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமனார் மெதுவாக வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, நரைத்த தலையை எனக்கு முன்னால் குனிந்தார்.

"ஆசீர்வாதம், மருமகளே."

"மாதாவே! பெரியவரே, உங்களுக்கு மூளை கீளை கொழம்பிடுச்சா?" என்று பெத்ரோனிலா கத்தினாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும், மாமா" என்று முணுமுணுத்தேன்.

"கையோட கையா, இதோ நிக்கிறவளுக்கும் ஒண்ணு குடுத்துடும்மா."

கொடுத்தேன். பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் வீடு வரும் வழியெல்லாம் எல்லாரும் புகழ்ந்தது அவரைத்தான். நான் தைத்த கவுனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்த நாளிலும் எனக்கு அதுதான் உறுத்தியது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு இதயம் பலவீனப்பட்டது. சாந்தியாகோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என் கணவர் கார் பிடித்து வந்தார். யோகாஸ்தா அழுதுகொண்டே பள்ளிக்குப் போயிருந்தாள். மாமனார் திரும்பி வரமாட்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது. காருக்குள் உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக என்னைக் கிட்டே கூப்பிட்டு, கணவருக்குக் கேட்காமல் சொன்னார்:

"அம்மாடி, நீ வாங்கிக் குடுத்த பள்ளிக்கூட ஷூ அவ கால கடிக்குது. அம்மா பாடுபட்டு வாங்குனதுன்னு உங்கிட்ட சொல்லாம போட்டுக்கிட்டுப் போறா. எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கா. இனிமே நீ கேளு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."