அயர்ன் கம்மி

மாத்திரை அட்டையில் 'அயர்ன்' என்று படித்ததும், நெய்வேலி குவார்ட்டர்ஸின் சூடான துணி வாசனை மூக்கில் ஏறியது.

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பிய அப்பா, "உங்கம்மாவுக்கு அயர்ன் கம்மியாம்" என்றார். எனக்குத் தெரிந்த அயர்ன் இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க மைன்ஸ் சட்டை, என் யூனிஃபார்ம் எல்லாத்தையும் தெனமும் அயர்ன் பண்ணிகினேதான இருக்காங்க? அது கம்மியா?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது தன் சட்டையைத் தானே தேய்த்தார். காலர் கருகியது. அதையே போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினார்.

இன்று அப்பாவிடம் என் மாத்திரையைக் காட்டினேன். நாளை நான் கட்டவேண்டிய புடவையை எடுத்து மேசைமேல் விரித்தார்.