நாலு கோலில் ஜெயித்த குற்றம்

பிள்ளைப்பாக்கத்தில் நான் போகும் டீக்கடையில் இரண்டு விதமாக டீ கொடுப்பார்கள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்குப் பேப்பர் கப். உட்கார்ந்து பேசப் போகிறவனுக்குக் கண்ணாடி கிளாஸ். எது வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, ஆளைப் பார்த்தாலே கடைக்காரருக்குத் தெரியும். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கிளாஸ்தான். ஊர் அணி என் பொறுப்பில் நாலு கோல் போட்டு, ஒன்றுகூட வாங்காமல் பொங்கல் கோப்பையை ஜெயித்த மறுநாள் காலை, லுங்கியோடு போய் நின்ற எனக்கு அவர் பேப்பர் கப்பை நீட்டினார். அன்று பஸ்ஸும் கிடையாது, ஷிஃப்ட்டும் கிடையாது. குடித்துவிட்டுக் கிளம்பு என்று இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இது விளங்காது. நம் குமரிக் கடற்கரையில் ஜெயித்த அணியின் மேனேஜரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் வரைக்கும் போவார்கள். இங்கே என் பெயரே பலருக்குத் தெரியாது. ‘கன்னியாகுமரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நம்மூரில் இருந்து கன்னியாகுமரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். பக்கத்தில் வல்லம் வடகாலில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். அளவு தப்பின பீஸைத் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுவது என் வேலை. இந்த ஊர்ப் பையன்கள் பந்தாடுவதை ஒருநாள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றபோது, கடற்கரைக்காரன் என்று கேள்விப்பட்டு, எங்கள் டீமைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே கேட்டார்கள். நான் கேட்டு வாங்கிய பதவி இல்லை.

பையன்களில் பாதிக்கு மேல் காண்ட்ராக்ட் தொழிலாளிகள். ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிஃப்ட். யார் இன்றைக்கு நைட், யாரை ஓவர்டைமில் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று பார்த்துத்தான் பதினொரு பேரைச் சேர்க்க முடியும். எந்த ஷிஃப்ட் என்றாலும் மட்டம் போட்டுவிட்டு வருகிறவன் தினேஷ் ஒருவன்தான். சென்டர் ஃபார்வர்டு, நல்ல உயரம், ஊருக்குச் செல்லப்பிள்ளை. நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தேவகி அக்காவின் ஒரே மகன். அவன் ஆட்டம் எப்படி என்றால், முன்னால் போய் நின்றுகொள்வான். பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் அவன் தலையைப் பார்த்துப் பந்தைத் தூக்கி அடிக்க வேண்டும். ஓடச் சொன்னால் முறைப்பான்.

இறுதி ஆட்டம் ஒரகடத்துப் பெரிய கம்பெனி ஒன்றின் அணியோடு. அவர்களுடைய தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேரும் தினேஷைவிட அரையடி உயரம். தூக்கி அடித்தால் பந்து அவர்களுக்குத்தான். கம்பெனிகளுக்கு என்று சர்க்கார் எடுத்து, இன்னும் எதுவும் கட்டாமல் கிடக்கும் காலிமனைதான் மைதானம். அதை மூன்று வாரம் நடந்து நடந்து பார்த்து மேற்கே ஒரு சரிவு இருப்பதைக் கண்டுபிடித்தேன். முதல் பாதி முழுக்கப் பின்னால் நின்று அவர்களை ஓடவிட்டுக் களைக்க வைக்க வேண்டும், இரண்டாம் பாதியில் அந்தச் சரிவுப் பக்கம் தரையோடு பந்தை விட்டு, ஓடுகிறவன் ஒருவனை அனுப்ப வேண்டும். ஓடுகிறவன் ரஞ்சித். அஸ்ஸாம்காரன், என் லைனில் வேலை பார்ப்பவன், ஒல்லியான ஆள். காலையில் மைதானத்தில் எல்லார் முன்னாலும் தினேஷிடம், இன்றைக்கு நீ வெளியே உட்கார் என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பாதியில் எங்கள் ஆட்கள் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. இரண்டாம் பாதியில் நாலு கோல். ரஞ்சித் இரண்டு. நான் கணக்குப் போட்டபடியே எல்லாம் நடந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

இனி டீக்கடைக்கு வருகிறேன். கையில் பேப்பர் கப்போடு ஓரமாக நின்றேன். பெஞ்சில் எட்டுப் பத்துப் பேர், நடுவில் உள்ளூர்க்காரர் சேட்டு. கார் கம்பெனியில் பர்மனென்ட் வேலை, அணிக்கு வருடா வருடம் ஜெர்ஸி எடுத்துக் கொடுப்பவர். முதல் பாதி முழுக்க ஒளிந்து நிற்பது ஒரு ஆட்டமா என்று ஒருவர் ஆரம்பித்தார். தினேஷ் இருந்திருந்தால் ஏழு கோல் என்றார் இன்னொருவர். ஏழு எப்படி வரும், அவர்கள் உயரம் என்ன இவன் உயரம் என்ன என்று நான் வாயைத் திறந்தேன். கரித்துண்டால் சுவரில் கோடு போட்டு விளக்கவும் செய்தேன். தோற்ற அணிக்கு இவ்வளவு விளக்கம் சொன்னால் நியாயம், ஜெயித்துவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். சேட்டு சுவரைப் பார்க்கவே இல்லை.

“கோடெல்லாம் நல்லாத்தான் கீது கன்னியாகுமரி,” என்றார். “ஜெயிச்சது இன்னா எங்க ஊரா? நீயும் அந்த அஸ்ஸாம்காரனும் ஜெயிச்சிக்கினு போனீங்க. நாங்க வெளிய நின்னு கை தட்டினோம்.”

நான் கப்பைக் கசக்கி எறிந்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மூளையில்லாத கூட்டம், இதுகளுக்குத் தோல்விதான் லாயக்கு என்றெல்லாம் திட்டினேன். நன்றி கெட்டவர்கள் என்ற சொல்லைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் நம்மூர்த் திருவிழா இறுதி ஆட்டத்தில் என்னை வெளியே உட்கார வைத்தார்கள், சிலருக்கு நினைவிருக்கும். நாம் ஜெயித்தோம். ராத்திரி ஊர்வலத்தில் எல்லாரையும்விட அதிகமாக ஆடியவன் நான்தான். கரைமடி வலை இழுக்கிற ஊரில் பிறந்தவனுக்கு இதில் வெட்கம் ஏது? வள்ளத்தில் போய் வலை விட்டவனுக்கும் பங்கு, கரையில் நின்று கயிறு பிடித்தவனுக்கும் பங்கு. வெளியே உட்கார்ந்தவனும் ஜெயித்தவன்தான் என்று நாம் எல்லாரும் நம்பி வளர்ந்தோம். அந்த நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து இந்த ஊரில் போட்டுவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தேவகி அக்கா வாசலில் கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு கம்பெனி கேண்டீனில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர். என்னை எப்போதும் ‘சார்’ என்பார். ஆட்டத்துக்கு முதல்நாள், நாளைக்கு எங்கள் சொந்தமெல்லாம் வருகிறது சார் என்று சொன்னார். வரட்டும் அக்கா, நன்றாகப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டேன். இந்த ஊரில் வேண்டியதை யாரும் நேராகக் கேட்பதில்லை, பக்கத்தில் இருக்கிற வேறொன்றைச் சொல்வார்கள். மகனை ஆடவிடு என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். மூன்று வருடம் இருந்தும் அது எனக்குப் புரியவில்லை.

அன்று அவர் சார் என்று சொல்லவில்லை.

“அந்த கிரவுண்டு யார்துன்னு தெரியுமா ஒனக்கு?” என்று கேட்டார். தெரியவில்லை. “எங்க நெலம் அது. நீ கோல் போஸ்ட்டு நட்டுக்கிற எடத்துல எங்க மோட்டார் கொட்டாய் இருந்துச்சி. மேக்கால பள்ளம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறியே, அது எங்க மடை. தண்ணி அங்கதான் போவும்.”

நிலம் போனபோது வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு இருந்ததாம். தினேஷ் ஐந்து வருடமாக இன்னும் காண்ட்ராக்ட். எதிரணிக் கம்பெனியிலும் எழுதிப் போட்டு, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கம்பெனிக்காரர்கள் பார்க்க, சொந்தக்காரர்கள் பார்க்க, தன் அப்பன் உழுத மண்ணில் ஒருநாள் அவன் ஓட வேண்டும் என்று அந்த அம்மாள் பொங்கலுக்குப் புதுத் துணிகூட எடுக்காமல் அவனுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

“நெலத்த எடுத்துக்கினப்பகூட ஒரு கையெழுத்து கேட்டாங்க,” என்றார். “நீ அதுகூட கேக்கல.”

பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டே, சித்திரைக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் ஆட்டத் திட்டத்தில் ஒரு தப்பும் இல்லை, இன்றைக்கும் இல்லை. மாடியில் என் மனைவியிடம் இதையே கத்தினேன். அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மகள் இங்கேதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள், அவள் சிநேகிதிகள் எல்லாரும் இதே தெரு. “நாலு கோல் விழுந்த பெறவு, கடைசிப் பத்து நிமிசம் அந்தப் பயல எறக்கியிருக்கலாம்லா?” என்றாள் மனைவி. வேண்டாம் என்று நினைத்தே இறக்காமல் இருந்திருந்தால்கூட ஒரு காரணம் சொல்லலாம். ஜெயித்த மப்பில் அவன் அங்கே உட்கார்ந்திருப்பதையே மறந்துபோனேன். சிவப்புப் பெட்டியில் போட்ட பீஸை நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்த இரண்டு வாரம் தெரு எங்களிடம் பேசவில்லை. மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவது ஒரு வேளையாகக் குறைந்தது. மகளை விளையாடக் கூப்பிட யாரும் வரவில்லை. தினேஷை ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் பிடித்து, மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தான். “தோத்திருந்தா உங்கள நாலு கேள்வி கேட்டிருப்பேன் சார். ஜெயிச்சிட்டீங்க, இன்னா கேக்க முடியும்?” என்றான். அவன் பஸ் வந்தது, ஏறிவிட்டான்.

மாசிக் கடைசியில் ஒரு ஹாஸ்டல் அணி ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. ஆள் பட்டியலை நான்தான் எழுத வேண்டும். சேட்டு ஜெர்ஸி மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பதாம் நம்பருக்கு எதிரே தினேஷ் என்று எழுதினேன். ரஞ்சித் பெயர் பதினொன்றில் வரவில்லை. அவனிடம் நானே போய்ச் சொன்னேன். ‘டீக் ஹை சார்’ என்று இந்தியில் சம்மதம் சொல்லிச் சிரித்தான். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தான்.

தினேஷ் முன்னால் போய் நின்றுகொண்டான். எல்லாரும் அவன் தலையைப் பார்த்துத் தூக்கி அடித்தார்கள். மேற்குச் சரிவில் பந்து போகவே இல்லை. மூன்று கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. என் உடம்பெல்லாம் எரிந்தது. ஆட்டம் முடிந்ததும் சேட்டு வந்து தோளில் கைபோட்டார், ரெஃபரியைத் திட்டினார், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். நம்ம கன்னியாகுமரி என்றார். அந்த ‘நம்ம’ நான் இங்கே வந்ததிலிருந்து கேட்காத சொல். கடைசிப் பத்து நிமிடம் ரஞ்சித்தை இறக்கினாயா என்று என் மனைவி கேட்டாள். இறக்கவில்லை. இந்த முறை மறக்கவும் இல்லை. கூட்டம் என்ன சொல்லுமோ என்று பயந்தேன். ரஞ்சித் மறுநாளே ஜெர்ஸியைத் துவைத்து மடித்து லைனில் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு ஆட வரவில்லை.

ஆட்டம் முடிந்த அன்று மத்தியானமே தேவகி அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். சித்திரை, வீடு என்ற பேச்சே எடுக்கவில்லை. கறிக்குழம்பு ஊற்றி, “நல்லா துன்னு சார், மொகமே வாடிக் கீது,” என்றார். எதிரே தினேஷ், முழங்காலில் காயத்தோடு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு என் மகளுக்கு எலும்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் நம்மூர் வாட்ஸப் குரூப்பில் உங்கள் செய்தி வந்தது. எலேய் மக்கா, இன்னைக்கு எத்தனை கோல் என்று ஒருவன் கேட்டிருந்தான். நம்மூர் மானம் அங்க உன் கையில்தான் இருக்கு என்று இன்னொருவன் எழுதியிருந்தான். மைதானம் கிடைக்கவில்லை, ஆட்டம் நடக்கவில்லை என்று இடதுகையால் தட்டி அனுப்பினேன். வலதுகையில் பிசைந்த சோறு. உங்களிடம் பொய் சொன்னபடியே அதை வாயில் போட்டேன், ருசியாக இருந்தது.