அண்ணன் செய்த சாப்பாட்டு ஜெபம்

கைபேசி நீளமாக நிபந்தனைகளைக் காட்டிச் சம்மதமா என்று கேட்டது. வழக்கம்போல ஒரு வரிகூடப் படிக்காமல் சம்மதித்தேன். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து கோழிக்குழம்பு வாசம் வந்தது. கரடியூரில் அண்ணன் வீட்டு மேஜை ஞாபகத்துக்கு வந்து, வெட்கம் பிடுங்கித் தின்றது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அண்ணன் அங்கே மலைமேல் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார். பள்ளிக்கு யாரோ தானமாகக் கொடுத்த பழைய கணினியை வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் வராத பிள்ளைகளுக்காக ஒரு கணினி மொழியே உண்டாக்கியிருந்தார். ‘போ’, ‘நில்’, ‘திரும்பு’ என்று தமிழில் கட்டளை கொடுத்தால் திரையில் கோடு ஓடும். நான் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்த புதுசு. வாய் சும்மா இருக்குமா? மேலதிகாரியிடம் பெருமையடித்தேன். அவர் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு ஒப்பந்தத்தோடு மலையேறி வந்துவிட்டார். அதன்படி மொழி முழுக்கக் கம்பெனிக்குச் சொந்தமாகும். அண்ணன் கையெழுத்துப் போடுவார் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். என் வேலை நிரந்தரமாவதே அதில்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் விருந்தாளி யாரானாலும் ஜெபம் முடியாமல் சோற்றில் கை வைக்க முடியாது. ஜெபம் செய்கிறவரை இடைமறிக்கவும் முடியாது. அண்ணனோ ஆண்டவரிடம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் பேசுவதுபோலப் பேசுவார். சோற்றுக்கும் கோழிக்கும் நன்றி சொன்னவர், அத்தோடு நிறுத்தவில்லை.

“ஆண்டவரே, இந்தப் பெரிய கம்பெனிக்காரங்க நல்லவங்கதானுங்க. ஆனா எதை வாங்கினாலும் பூட்டி வெச்சுக்கறாங்க. பசங்க கையில இருக்கறத வாங்கி, நாளைக்கு அந்தப் பசங்களுக்கே விக்கறாங்க. அதுக்கு வளர்ச்சின்னு பேரு வெக்கறாங்க. எனக்கு நொம்ப பயமா இருக்குதுங்க. இவங்களுக்கு நல்ல புத்தி குடுங்க.”

எனக்குக் காது மடல்வரை எரிந்தது. மேஜைக்கடியில் அண்ணன் காலை மிதித்தேன். மிதிபட்டது மேலதிகாரியின் கால். ஜெபம் முடிந்ததற்கு அதுதான் அடையாளம் என்று நினைத்தாரோ என்னவோ, உரக்க ‘ஆமென்’ என்றார்.

சாப்பிட்டதும் அதிகாரிகள் காபித் தோட்டம் பார்க்கப் போனார்கள். கை கழுவும் இடத்தில் அண்ணன் கேட்டார்.

“ஏஞ் சாமி, உனக்கு நொம்ப அசிங்கமாப் போச்சா?”

என் முகமே பதில் சொல்லியிருக்கும். அவர் உள்ளே போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி அதைப் பூட்டித்தான் வைத்தது. பள்ளிக் கணினியிலிருந்தும் அழிக்கச் சொன்னார்கள், அண்ணனே அழித்தார். அந்த மொழி தெரிந்த கணினி இன்றைக்கு எங்கும் இல்லை. கம்பெனியும் இன்னொரு கம்பெனிக்குள் போய் மறைந்துவிட்டது. என் வேலை மட்டும் நிரந்தரமானது. அண்ணன் வீட்டில் இப்போதும் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டு. நான் உட்கார்ந்திருந்தால் மட்டும் அவர் உதடு அசையும், சத்தம் வராது.