‘மே வெல்’ என்று வந்த கடிதம்

எங்கள் தெருவில் பள்ளியிறுதித் தேர்வில் தேறியவன் நான் ஒருவன்தான். சிம்மக்கல்லில் யார் வீட்டுக்குத் தந்தி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கு வெளியே ஒரு பஞ்சு மில்லில் கடிதம் எழுதும் குமாஸ்தா வேலையும் கிடைத்துவிட்டது. என் இங்கிலீஷ் மேல் எனக்கே ஒரு கர்வம். உண்மையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தனித்தனிச் சொற்கள்தான். இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பொருளே மாறிப்போகும் என்பதை அக்காவுக்கு வந்த ஒரு கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

மச்சான், அக்காவின் வீட்டுக்காரர், லாரி ஓட்டுகிறவர். நாகமலைக்கு மேற்கே புஞ்சைக்காரக் குடும்பம். எங்கள் மில்லுக்குப் பருத்திப் பொதி ஏற்றிவருவார். சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு டிரைவர் எடுத்தபோது சேர்ந்து, மலாயாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அக்கா அப்போது ஆறு மாதம். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் பிறந்தது. அந்தச் சேதிக்கு மச்சான் எழுதிய பதில்தான் அவரிடமிருந்து வந்த கடைசிக் கடிதம். அடுத்த சில மாதங்களில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான்காரன் கையில் விழுந்துவிட்டதாகப் பத்திரிகையில் வந்தது.

அக்கா அழவில்லை. சாப்பிடத்தான் மறந்துபோனாள். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். பால் வற்றி, பிள்ளை பகலெல்லாம் கத்தியது. நான் பட்டாள ஆபீசுக்கு எழுதினேன். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது, ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டு. நீளமான கடிதமில்லை. நடுவில் ஒரு வரி: ‘ஹி மே வெல் பி எ ப்ரிசனர் ஆஃப் வார்.’

வெல் என்றால் நலம். ‘ஐ ஆம் வெல்’ என்று எத்தனை கடிதத்தில் எழுதியிருக்கிறேன்! வாசல்படியிலிருந்தே கத்தினேன்.

“அக்கா, மச்சான் நல்லா இருக்காராம்! கைதியாப் பிடிச்சு வச்சிருக்காங்களாம், அம்புட்டுத்தான்!”

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த அக்கா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து போய்த் தலைக்குக் குளித்தாள். பூக்காரியைக் கூப்பிட்டு ரெண்டு முழம் மல்லிகை வாங்கினாள். அன்று மத்தியானம் மூன்று தரம் சோறு கேட்டு வாங்கித் தின்றாள். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

வீட்டின் முகமே மாறிவிட்டது. பிள்ளைக்குக் கன்னம் வைத்தது. மச்சானுடைய சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் உலர்த்துவதும், பித்தான் தைப்பதுமாக இருந்தாள் அக்கா.

ஐப்பசி மழையின்போது மில்லுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இயந்திரச் சாமான்கள் பற்றியது. தமிழில் சுருக்கி எழுதி மேஸ்திரிக்குக் கொடுப்பது என் வேலை. ‘மே வெல் பி டிலேட்’ என்றிருந்ததை ‘சாமான்கள் நலமாகவும் தாமதமாகவும் வந்து சேரலாம்’ என்று எழுதினேன். அடுத்த மேஜை டைப்பிஸ்ட் காஜிமார் தெருக்காரர், என் வயதுதான். எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“சாமானுக்கு என்னப்பா நலம்? காய்ச்சலா அடிச்சுச்சு?”

“வெல்னு போட்டிருக்கே.”

“தனியா வந்தா நலம். மேகூட சேர்ந்துச்சுன்னா நலமே கிடையாது. மேன்னா இருக்கலாம். மே வெல்னா, இருக்கறதுக்கு நெறைய நியாயம் இருக்கு. மே பாசிப்ளின்னா, ஏதோ இருந்தாலும் இருக்கலாம். அம்புட்டுத்தான்.”

அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். “என்னப்பா?”

சொன்னேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “அக்காகிட்ட இப்பச் சொல்ல வேணாம். இன்னொரு கடுதாசி போடுவோம். நல்லா எழுதுவோம்” என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். ‘குட் யூ பாசிப்ளி’, தயவுசெய்து முடியுமா, என்று அவர்தான் ஆரம்பித்தார். நாம் கேட்கும்போது பாசிப்ளி என்றால் பணிவு, அவர்கள் பதில் சொல்லும்போது அதே பாசிப்ளி சந்தேகம் என்றார். பதில் வந்தது. ‘வீ கேன் ஹார்ட்லி ஆட் எனிதிங்.’ இந்தத் தடவை நானாகப் பொருள் பண்ணவில்லை, அவரிடம் கொண்டுபோனேன். “ஹார்ட்லின்னா கஷ்டம்னு நினைச்சுறாத. அது ‘இல்லை’க்குக் கூடப்பொறந்த தம்பி” என்றார். புதிதாகச் சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் நாள் தள்ளிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே.

“ஏன்டா, நல்லா இருக்கிற மனுசன் ஒரு வரி எழுதமாட்டாரா?”

அந்தக் கடிதத்தை எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல் சொல்லாக விரல் வைத்துக் காட்டினேன். மே. வெல். பி. தப்பாகப் படித்துவிட்டேன் என்றேன்.

எண்ணெய்க் கை அப்படியே நின்றது.

“அப்ப அது உசுரோட இருக்காருன்னு சொல்லுதா, இல்லைன்னு சொல்லுதா?”

“இருக்காருங்கிற பக்கந்தான்க்கா சாஞ்சிருக்கு.”

“எம்புட்டு?”

“பாதிக்கு மேல.”

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். மூன்றாம் நாள் காலை நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

“நீ அன்னிக்குச் சரியாப் படிச்சிருந்தா நான் தின்னிருக்க மாட்டேன். இந்தப் புள்ளை பிழைச்சிருக்காது. போ, வேலைக்குப் போ.”

அதற்குமேல் அதைப்பற்றி அவள் பேசவில்லை. ஆனால் எந்தக் கடிதம் வந்தாலும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்வாள். அவளே தமிழில் எடைபோட்டு வைத்துக்கொண்டாள். “கட்டாயம்னா வருவாரு. அநேகமான்னாலும் வருவாரு, ஆனா அடுப்புல உலை வைக்க முடியாது. ஒருவேளைன்னா, வந்தாலும் வரலாம். கட்டாயம் வரலாம்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அதுமாதிரிதான இங்கிலீசும்?” டைப்பிஸ்டிடம் சொன்னபோது, “எனக்குப் பாடம் எடுத்த வாத்தியாருக்குக்கூட இது தெரியாதுப்பா” என்றார்.

மூன்று வருடம் அப்படிப் போனது. சண்டை முடிந்து சில மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. ‘ஹி வில் ப்ராபப்ளி ரீச் மெட்ராஸ் பை தி எண்ட் ஆஃப் தி மன்த்.’ ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தேன். அக்கா என் தோளுக்கு மேலே காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மே இல்லையா?”

“இல்லக்கா. வில்லு. வருவாரு.”

“அந்தப் பெரிய சொல்லு?”

“அநேகமா.”

“கட்டாயம்னு போடலையா?”

“பட்டாளத்துல கட்டாயம்னு யாரும் எழுத மாட்டாங்கக்கா.”

அவள் தலையாட்டினாள். அநேகமாவுக்கு உலை வைக்க முடியாது என்று சொன்னவள், இதற்கு வைத்தாள். அந்த மாதக் கடைசியிலிருந்து தினமும் ஒரு பிடி அரிசி கூடுதலாகவே போட்டாள், ரேஷன் அரிசியில்.

தையில் ஒரு காலை மச்சான் வந்தார். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தார். எதிரே போன என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. எலும்பும் தோலும். பற்கள் சில போயிருந்தன. அக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், ஒன்றும் கேட்காமல் கஞ்சி ஆற்றினாள்.

நாலு வயதுப் பெண் அவரிடம் போகவே மாட்டேன் என்றது. கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும், அவர் திரும்பினால் ஓடிவிடும். அவரும் கூப்பிடவில்லை. நாலாம் நாள் மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பிள்ளை அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எப்போது வந்து படுத்தது என்று யாரும் பார்க்கவில்லை.

“மாப்ள, கால் மரத்துப்போச்சு” என்றார் கிசுகிசுப்பாக. “நகட்டவா?”

அடுப்படியிலிருந்து அக்கா பதில் சொன்னாள். “அசையாதீங்க.”

அவர் அசையவில்லை.