கட்டிலடிக் கதிரை

எழுபதுகளின் நடுவில், சிட்னியில் என் மூத்தவன் பிறந்தான். அப்போதெல்லாம் பிள்ளைகளை வேறு அறையில் வைத்து, மணிக்கூடு பார்த்துத்தான் தாயிடம் கொண்டுவருவார்கள். பின்னேரம் ஆட்கள் பார்க்க வரும் நேரம். என் கணவருக்கு அந்த நேரம் ஃபாக்டரியில் வேலை. எதிர்க்கட்டிலைச் சுற்றிப் பூவும் சிரிப்புமாக நாலைந்து பேர். என் கட்டிலடியில், வந்து உட்கார ஆளில்லாமல் வெறுங்கதிரை. அதை ஆராவது எடுத்துக்கொண்டு போனால் நல்லது என்றிருக்கும்.

எனக்குப் பால் சுரக்கவில்லை. பிள்ளை மெலிந்துகொண்டே போனான். நாளைக்கும் இப்படியென்றால் போத்தல் பால்தான், எடை ஏறும்வரை அவன் இங்கே, நீ வீட்டுக்கு என்று பெரிய தாதி சொல்லிவிட்டார். வெறுங்கையோடு வீட்டுக்குள் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வார்டில் ஒரேயொரு கறுப்பு மருத்துவிச்சி இருந்தார், இந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண். என் மேசையில் ஐஸ் போட்டு வைத்த ஜக் வைத்தபடியே கிடப்பதை அவர்தான் கண்டார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டார். பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர்தண்ணீர் ஆகாது, எங்கள் ஊரில் கண்ணிலும் காட்டமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஜக்கை எடுத்துப்போய், கேத்தல் நிறையச் சுடுதண்ணீர் கொண்டுவந்தார்.

"குடி. நீ குடிச்சால்தான் அவன் குடிப்பான்."

பிறகு மணிக்கூட்டைப் பாராமல் பிள்ளையைத் தூக்கிவந்து என் நெஞ்சில் போட்டார். பெரிய தாதி முறைத்தார். இவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. இப்படியே நாள் முழுக்கச் சுடுதண்ணீரும் பிள்ளையும் மாறி மாறி வந்தன.

மறுநாள் பின்னேரம் சட்டை நனைந்தது. பால். சொல்ல ஒருவருமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். வேலை முடிந்து, கோட்டும் கைப்பையுமாக, பார்க்க வந்த சனத்தோடு சனமாக அந்த மருத்துவிச்சி உள்ளே வந்தார். என் சட்டையைப் பார்த்தார். அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

எதிர்க்கட்டிலுக்கு வந்திருந்த கிழவி எங்கள் இருவரின் நிறத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சொந்தக்காரரா என்று கேட்டாள். இல்லையென்று சொல்ல நான் வாய் திறந்தேன்.

"ஓம்," என்றார் அவர். "என்ர தங்கச்சி."

நான் பிள்ளையோடுதான் வீட்டுக்குப் போனேன். அன்று அந்த மருத்துவிச்சிக்கு லீவு. இந்த நாட்டில் எனக்கிருந்த ஒரே அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கினேன்.